பார்த்தது மட்டும்தானே?



இந்த மாதம் நான் எழுதுவது பிரசங்கம் அல்ல. ஒரு பாவ அறிக்கை. பிறரைக் குறித்து எழுதச் சொன்னால் நாலு பக்கம் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். என்னைக் குறித்து எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. ஆனாலும் ஆவியானவர் விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2024-ம் வருஷம் மார்ச் மாதம். குடும்ப ஜெபம் முடிந்து, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு கைப்பேசியைக் கையில் எடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. 'அஞ்சு நிமிஷம்' என்று எடுப்பேன், மணி பன்னிரண்டாகிவிடும். அந்த நாட்களில் யூடியூபைத் திறந்தால் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: இங்கிலாந்து இளவரசி கேட் எங்கே?

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஜனவரி 16-ம் தேதி லண்டனில் அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஈஸ்டருக்குப் பிறகே பொது நிகழ்ச்சிகளுக்கு வருவார், மருத்துவ விவரங்கள் தனிப்பட்டவையாக இருக்கட்டும் என்று விரும்புகிறார் என மறுநாள் அரண்மனை அறிவித்தது. ஒரு மனுஷி உலகத்துக்கு அவ்வளவு சொன்னால் போதாதா? போதவில்லை. வாரங்கள் போகப் போக ஜனங்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். என்னென்ன கட்டினார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதே பாவத்தை அச்சில் ஒருமுறை செய்தவனாவேன்.

மார்ச் 10-ம் தேதி, அந்த நாட்டின் அன்னையர் தினத்தில், அவரும் மூன்று பிள்ளைகளும் இருக்கும் ஒரு படம் வெளிவந்தது. அதில் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லி, பெரிய செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டார்களா? குழந்தையின் சட்டைக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிரியமானவர்களே, நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே அவருடைய மருத்துவக் குறிப்புகளைப் பார்க்க முயற்சி நடந்ததாகவும் அதே மாதம் செய்தி வந்தது. அதையும் படித்தேன்.

"விடிஞ்சா உபவாச ஜெபம். இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?" என்று என் மனைவி கேட்பாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா பாக்குறேன்" என்பேன்.

மார்ச் 22-ம் தேதி அந்த இளவரசி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துத் தன் வாயாலேயே சொன்னார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் புற்றுநோய் இருந்தது தெரிந்தது. கீமோ சிகிச்சை ஆரம்பமாகியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல நாள் பிடித்தது. மூத்த பிள்ளைக்கு அப்போது 10 வயது, கடைக்குட்டிக்கு 5 வயது. (நோய் தணிந்திருக்கிறது என்று 2025 ஜனவரியில் அவரே தெரிவித்தார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.)

மறுநாள் சனிக்கிழமை காலை, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், நானும் என் மனைவியும் அதைப் பார்த்தோம். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. உலகமெல்லாம் 'எங்கே, எங்கே' என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நம்ம சகோதரிக்கும் நாம அந்த அவகாசத்தைக் கொடுக்கலையே."

நான் போட்ட ஜெபக்குறிப்பு

அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்கு உடனே விளங்கியது. நாங்கள் முன்பு இருந்த ஊரில், அங்குள்ள சபையில் நடந்த காரியம் அது. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், ஒரு சகோதரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, ஸ்கேன்ல ஏதோ கட்டி இருக்குன்னு சொல்றாங்க. ரிசல்ட் இன்னும் வரல. ஜெபம் பண்ணிக்கோங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்று இரவு நான் ஜெபித்தேன், அது உண்மை. ஆனால் முழங்கால் போடுமுன் கைப்பேசியை எடுத்தேன். சபை வாட்ஸ்அப் குழுவில் 'அவசர ஜெபக்குறிப்பு' என்று தலைப்புக் கொடுத்து, அவர் பெயர், என்ன கட்டி, எந்த மருத்துவமனை எல்லாவற்றையும் எழுதினேன். 'கேன்சராக இருக்கலாம்' என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. குழுவில் 200 பேருக்குமேல் இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 'ஆமென்', 'ஆமென்' என்று வரிசையாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எதற்காகச் சந்தோஷப்பட்டேன்? சகோதரிக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்களே என்றா, செய்தியை முதலில் சொன்னவன் நான் என்றா? அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

யாரோ அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இன்னொன்று. மூன்றாம் நாள், கல்லூரிப் பேருந்தில், அந்தச் சகோதரியின் மகள் ஒரு தோழியின் கைப்பேசியில் அதைப் படித்தாள். தன் தாய்க்கு வியாதி என்பதைப் பிள்ளை தாயின் வாயால் கேட்கவில்லை. நான் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டாள்.

கட்டி சாதாரணக் கட்டி என்று பின்னால் தெரிந்தது. ஸ்தோத்திரம் சொன்னோம். ஆனால் அந்தச் சகோதரி வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஒரு சகோதரி பின்வாங்கிப் போனார், பாரத்தோடு ஜெபியுங்கள்' என்று அதற்கும் ஒரு ஜெபக்குறிப்புப் போட்டேன்.

இது இன்று தொடங்கியதல்ல

'காலம் கெட்டுப்போச்சு, எல்லாம் இந்தப் போனால் வந்தது' என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது பாதி நியாயம்தான். கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முந்தியே இந்தப் பசி நமக்குள் இருந்தது.

நம் சென்னைப் பட்டணத்தில் 1940-களில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை, அதன்பின் 'இந்து நேசன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் வீட்டுக்குள் நடப்பதாகச் சொல்லப்பட்ட சங்கதிகளே அதில் சரக்கு. ஜனங்கள் முகம் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள். 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் மாண்டுபோனார். அந்த வழக்கில் அக்காலத்தின் பெரிய நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை, 1959-ல் காலமானார். கொலைக்குக் காரணம் யார் என்பது இன்றுவரை துலங்காமலே இருக்கிறது.

எழுதியவர் உயிரை இழந்தார். எழுதப்பட்டவர்கள் வாழ்க்கையை இழந்தார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிப் படித்த ஆயிரமாயிரம் பேர்? அவர்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. 'சும்மா படிச்சேன்' என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை 1843 முதல் நடந்து வந்தது. பிரபலங்களின் அந்தரங்கத்தை அம்பலமாக்குவதில் பேர்போனது. நாளுக்கு நாள் அதிகச் செய்தி வேண்டும் என்ற வெறியில், மற்றவர்களுடைய தொலைபேசியில் பதிவான குரல் தகவல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்கத் துணிந்தார்கள். 2002-ல் காணாமற்போய்ப் பிறகு கொலையுண்டதாகத் தெரியவந்த ஒரு 13 வயதுச் சிறுமியின் தொலைபேசியையும் விடவில்லை என்பது 2011 ஜூலையில் வெளியே வந்தது. நாடு கொதித்தது. அதே மாதம் 10-ம் தேதியோடு பத்திரிகை மூடப்பட்டது. நியாயந்தான். ஆனால் 168 வருஷம் அதை வளர்த்தது யார்? கொதித்த அதே ஜனங்களில் அநேகர்தானே வாரந்தோறும் வாங்கினார்கள்?

சும்மா பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு

'அவங்க காசு கொடுத்து வாங்கினாங்க. நான் காசு கொடுக்கலையே, ஓசியில பார்த்தேன்' என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது செல்லாது.

ஒரு வீடியோவில் நாம் எத்தனை விநாடி நின்றோம் என்பது கணக்கெடுக்கப்படுகிறது. ஜனம் எங்கே நிற்கிறதோ அங்கே விளம்பரம் வருகிறது. விளம்பரம் வருகிற இடத்தில் பணம் வருகிறது. நாம் அதிகம் பார்த்ததைப் போன்ற வீடியோ நமக்கும், நம்மைப் போன்றவர்களுக்கும் மறுபடி மறுபடி காட்டப்படுகிறது. அதைப் பார்த்து, இதிலே வருமானம் உண்டு என்று இன்னும் பத்துப் பேர் அதே சங்கதியை எடுத்துப் பேச வருகிறார்கள். ஆகவே நான் இருட்டில் படுத்துக்கொண்டு பார்த்த ஒவ்வொரு நிமிஷமும், அந்தக் கடையின் காணிக்கைப் பெட்டியில் நான் போட்ட காசு. ரசீது மட்டும்தான் வரவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தக் காலத்து மஞ்சள் பத்திரிகை அடுத்த வாரம் சுண்டல் மடிக்கப் போய்விடும். இன்றைக்கு அனுப்பிய செய்திக்குச் சாவு இல்லை. என் கைப்பேசியிலிருந்து நான் அழித்துவிட்டேன். 200 பேருடைய கைப்பேசியிலிருந்து எப்படி அழிப்பேன்? அன்று நட்சத்திரங்களுக்கு மட்டும் இருந்த ஆபத்து இன்று என் தெருவில் இருக்கிற எந்தச் சகோதரிக்கும் வரலாம். இளவரசியின் வீட்டை எட்டிப் பார்த்துப் பழகின கண், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கக் கூச்சப்படாது. என் விஷயத்தில் நடந்தது அதுதான்.

எல்லாவற்றையும் மூடச் சொல்கிறாயா?

ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "அப்படின்னா பெரிய ஆளுங்க என்ன தப்பு பண்ணாலும் யாரும் பேசக்கூடாதா, பிரதர்?" நல்ல கேள்வி. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், நான் எழுதுவது அக்கிரமக்காரனுக்குப் போர்வையாகிவிடும்.

நம் நாட்டு உச்சநீதிமன்றம் 1994-ல், சென்னையிலிருந்து வரும் நக்கீரன் பத்திரிகை தொடுத்த வழக்கில் ஒரு கோட்டைக் கிழித்துக் காட்டியது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்ற காரியங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. அவரைத் தனியே விட்டுவிட வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதே சமயம், பொது ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகை எழுதலாம். அதிகாரியாக இருப்பவர் தம்முடைய அலுவலில் செய்ததை 'அது என் அந்தரங்கம்' என்று மறைக்க முடியாது. பிறகு 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

நீதிமன்றம் சொன்ன அந்த வித்தியாசம் நம் வேதத்துக்கும் புதிதல்ல. தாவீது உரியாவுக்குச் செய்தது தாவீதின் அந்தரங்கம் அல்ல. அது அநியாயம், இரத்தம். ஆகவே நாத்தான் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் அரண்மனை வாசலில் கூட்டம் கூட்டிக் கதை சொல்லவும் இல்லை. நேரே ராஜாவிடம் போனான். ராஜாவின் முகத்துக்கு முன் நின்று சொன்னான்.

ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தால், ஒரு பெண் அடிபட்டால், பொதுப்பணம் களவுபோனால், அது சபைக்குள்ளேயே நடந்தாலும், 'மூடுங்கள்' என்று சொல்கிறவன் தேவனுக்காகப் பேசவில்லை. போலீசிடம் போக வேண்டியது போலீசிடம் போக வேண்டும். வியாதி, கடன், பிள்ளையில்லாத வருத்தம், புருஷன் பெண்சாதிக்குள் உள்ள மனஸ்தாபம் ஆகியவை வேறு. அவற்றைச் சொல்வதால் யாருக்கும் நியாயம் கிடைக்கப் போவதில்லை. கேட்கிறவனுக்குக் கொஞ்ச நேரம் பொழுது போகும், அவ்வளவுதான்.

பின்னிட்டு நடந்தவர்கள்

அந்தச் சனிக்கிழமை முழுவதும் எனக்கு நோவாவின் கூடாரமே நினைவில் நின்றது. நோவா வெறித்து, வஸ்திரம் விலகிக் கிடந்தான். காம் பார்த்தான், வெளியே வந்து சகோதரருக்குச் சொன்னான். கவனியுங்கள், காம் சொன்னது பொய்யா? இல்லையே. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்பது நாம் எல்லாரும் சொல்லும் சாக்கு. அந்தச் சாக்குக் காமுக்கும் இருந்தது.

சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பி, பின்னிட்டு நடந்துபோய்த் தகப்பனை மூடினார்கள். உதவி செய்வதற்குக்கூட அவர்கள் பார்க்கவில்லை. இதுதான் என்னைக் குத்தியது. நான் ஜெபிப்பதற்கு அந்தச் சகோதரிக்கு எந்த இடத்தில் கட்டி என்று 200 பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆண்டவருக்குத் தெரியும். பார்க்காமலே மூடலாம், விவரம் கேட்காமலே ஜெபிக்கலாம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் நான் பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனேன். சகோதரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணே, ஜெபம் பண்ணுங்கன்னுதான் கேட்டேன். ஊருக்குச் சொல்லுங்கன்னு கேக்கலையே. எம் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க" என்றார்.

பிறகு இருவரும் ஜெபித்தோம். அவர்தான் ஜெபித்தார், எனக்காக. மறுபடி சபைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டி, அவர் சம்மதம் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவர் யாரென்று விசாரிக்க வேண்டாம். விசாரித்தால் நான் எழுதியது வீண்.

ஒரு தீர்மானம் எடுப்போமா?

அருமையானவர்களே, நானும் என் மனைவியும் வீட்டில் மூன்று தீர்மானங்கள் எடுத்திருக்கிறோம். உங்களுக்கும் பிரயோஜனமாகும் என்று சொல்லுகிறேன்.

1. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன ஜெபக்குறிப்பை, 'இதை மற்றவர்களுக்குச் சொல்லலாமா? எவ்வளவு சொல்லலாம்?' என்று அவரிடமே கேட்காமல் யாருக்கும் சொல்வதில்லை. கணவனுக்குக்கூட, மனைவிக்குக்கூட.

2. பிறருடைய வீட்டுச் சங்கதியைத் தாங்கி வரும் வீடியோவோ செய்தியோ எவரைப் பற்றியதானாலும், அவர் நடிகரானாலும் நமக்குப் பிடிக்காத ஊழியரானாலும், திறப்பதில்லை. தெரியாமல் திறந்துவிட்டால் நிற்பதில்லை.

3. சொல்லியே ஆகவேண்டிய அநியாயமானால், அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் நேரே போய்ச் சொல்வது. மற்றவரிடம் சொல்வதில்லை.

சொல்வது எளிது, ராத்திரி பதினொரு மணிக்குக் கை தானாகவே கைப்பேசிக்குப் போகிறது. இன்னும் போகிறது. ஆனால் 'சும்மா' என்ற வார்த்தை இப்போதெல்லாம் என் வாயில் வருவதில்லை. சும்மா பார்க்கப்பட்டவர் யாரும் இல்லை. கண்ணாடித் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும், அவள் வாய் திறக்கக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் அந்தரங்கத்தையெல்லாம் அறிந்திருந்தும் எங்களை ஊருக்குமுன் வெட்கப்படுத்தாத ஆண்டவரே, எங்கள் கண்களுக்கும் விரல்களுக்கும் காவல் வையும். ஆமென்.